ஜியான்ஃப்ரிடோவை ஏன் கழட்டி விட்டாங்க? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. மதுரையிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியிருக்காரு. படிக்கிறேன்: "ஜாக்கி ராபின்சன் தொடர்ல 1947 உலகத் தொடரைச் சொல்லும்போது, டிமாஜியோ அடிச்ச பந்தை ஒரு உபரி ஆட்டக்காரர் பிடிச்சார், அதுக்கப்புறம் அவர் மேஜர் லீக்ல ஆடவே இல்லைன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. அவ்வளவு பெரிய கேட்ச் பிடிச்சவரை ஏன் சார் கழட்டி விட்டாங்க?"

நியாயமான கேள்வி. (புதுசா வந்தவங்களுக்கு: மேஜர் லீக்னா அமெரிக்க பேஸ்பாலோட உச்சப் பிரிவு, உலகத் தொடர்னா அதோட இறுதித் தொடர், முதல்ல நாலு ஆட்டம் ஜெயிக்கறவங்களுக்குக் கோப்பை. 1947ல மோதினது புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் யாங்கீஸும். ராபின்சன் டாட்ஜர்ஸ் ஆளு, டிமாஜியோ யாங்கீஸோட நட்சத்திரம்.) ஒரே வரியில தாண்டிப் போனது என் தப்புதான்.

அவர் பேரு ஆல் ஜியான்ஃப்ரிடோ. பென்சில்வேனியாக்காரர், 1922ல பிறந்தவர். உயரம் அஞ்சடி ஆறு அங்குலம். நம்ம ஊர்ல நடுத்தர உயரம், பேஸ்பால்ல குட்டையன். பிட்ஸ்பர்க் அணியில இருந்தார். 1947 மே மாசம் புரூக்ளின் டாட்ஜர்ஸ், தன்கிட்ட இருந்த அஞ்சு ஆட்டக்காரங்களை பிட்ஸ்பர்க்குக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு ஒரு பெரிய ரொக்கத் தொகையும் இவரையும் வாங்கிக்குது. அஞ்சு பேருக்குப் பதிலா ஒரு குட்டை ஆளு, கூடவே பணம். "பணப்பையைத் தூக்கிட்டு வர ஒரு ஆளு வேணுமே, அதுக்குத்தான் இவரையும் சேர்த்து அனுப்பினாங்க"ன்னு அப்பவே கிண்டல் பண்ணாங்க. அப்படித்தான் அவர் புரூக்ளின் வந்து சேர்ந்தார்.

பெஞ்ச்ல உக்காந்திருக்கிற அவுட்ஃபீல்டருக்கு (மைதானத்தோட தூரப் பகுதியில ஃபீல்டிங் பண்றவர்) என்ன வேலைன்னு புதுசா பாக்கறவங்க கேக்கலாம். பழைய ஆளுங்களுக்கு என் ஸ்டெப்னி கதை மனப்பாடம் ஆகியிருக்கும், பொறுத்துக்குங்க. ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு திண்டுக்கல் தாண்டி டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தா, அதுலயும் காத்து இல்ல! மூணு வருஷமா அதை யாரும் தொட்டுப் பாக்கல. பாத்ததில்லைன்னா நானும்தான் பாத்ததில்லை, டிரைவரை மட்டும் திட்டினேன். அன்னைக்கு விடியற வரைக்கும் ரோட்டோரமா உக்காந்து யோசிச்சதுதான் இது: ஸ்டெப்னியோட வேலை ஓடறது இல்ல, காத்தோட இருக்கறது. ஆறு மாசம் சும்மா கிடந்துட்டு, கூப்பிட்ட நிமிஷம் முழுக் காத்தோட இறங்கணும்.

கிரிக்கெட்டை வச்சு யோசிச்சா இது சரியா புரியாது. நம்ம பன்னிரண்டாவது ஆளு தண்ணி கொண்டு போவாரு, யாராவது வெளிய போனா ஃபீல்டிங் பண்ணுவாரு, அவங்க வந்ததும் திரும்பிடுவாரு. (நானும் காலேஜ்ல ரெண்டு வருஷம் தண்ணி தூக்கினவன்தான், அதனால இந்த ஜாதி மேல எனக்கு ஒரு பாசம்.) 2005 ஆஷஸ்ல கேரி பிராட் அப்படி மாற்று ஃபீல்டரா வந்து பான்டிங்கை ரன் அவுட் பண்ணதைப் பத்தி ஒரு முழு வீடியோவே போட்டிருக்கோம். பேஸ்பால்ல அப்படி வந்துட்டுப் போக முடியாது. ஒருத்தரை எடுத்துட்டா எடுத்ததுதான், அன்னைக்கு அவர் திரும்ப வரவே முடியாது. ஆனா எடுக்கறதுக்கு அவருக்கு அடிபட்டிருக்கணும்னு அவசியம் இல்ல. மெதுவா ஓடறாரா, வேகமா ஓடற ஆளை அவருக்குப் பதிலா நிறுத்தலாம். கிரிக்கெட்ல ரன்னர் வைக்கறதையே சர்வதேச ஆட்டங்கள்ல 2011ல நிறுத்திட்டாங்க. பேஸ்பால்ல அது ஒரு தனித் தொழில்.

சரி, கேட்ச். அக்டோபர் 5, யாங்கி ஸ்டேடியம், ஆறாவது ஆட்டம். எழுபத்து நாலாயிரம் பேர் உக்காந்திருக்காங்க. தொடர்ல யாங்கீஸ் 3-2ன்னு முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸ்ல டாட்ஜர்ஸ் 8-5ன்னு மேல. அதுவரைக்கும் இடது அவுட்ஃபீல்டுல நின்னது எடி மிக்சிஸ். அவர் அடிப்படையில இன்ஃபீல்டு, அதாவது கிட்டத்துல நிக்கற ஆளு. மேனேஜர் பர்ட் ஷாட்டன் அவரை எடுத்துட்டு ஜியான்ஃப்ரிடோவை அனுப்பறார். ரெண்டு அவுட் (மூணு ஆனா அந்த இன்னிங்ஸ்ல அவங்க முறை முடிஞ்சது), ரெண்டு பேர் பேஸ்ல (ஓடி நிக்கற இடம், எல்லா பேஸையும் சுத்தி வந்தா ஒரு ரன்), அடிக்க வர்றது ஜோ டிமாஜியோ. ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளிய அடிச்சா, மூணு பேரும் வந்துடுவாங்க, 8-8.

அடிச்சார். பந்து இடது-மத்தியில 415 அடின்னு எழுதியிருக்கிற பக்கம் போகுது. 415 அடின்னா 126 மீட்டர். நம்ம கிரிக்கெட் மைதானத்துல பவுண்டரி அதிகபட்சமே பிட்ச் நடுவிலிருந்து 82 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்குங்க. இவர் முதுகைக் காட்டிட்டு ஓடறார், திரும்பிப் பாக்கறார், மறுபடி ஓடறார், வேலி ஓரத்துல கையை நீட்டறார். இடது கைக்காரர், கிளவுஸ் வலது கையில. பிடிச்சுட்டார். டிமாஜியோ இதுக்குள்ள ரெண்டாவது பேஸ் பக்கம் வந்தாச்சு. எதுக்கும் முகத்துல ஒண்ணும் காட்டாத மனுஷன், தரையை ஒரு உதை உதைச்சார். அந்தப் படச்சுருள் இன்னைக்கும் இருக்கு. ஜனங்களுக்கு கேட்சை விட அந்த உதைதான் ஞாபகம்! டாட்ஜர்ஸ் 8-6ன்னு ஜெயிச்சாங்க.

ஆனா மறுநாள் ஏழாவது ஆட்டத்துல 5-2ன்னு தோத்தாங்க, கோப்பை யாங்கீஸுக்கு. அந்த ஆட்டத்துல ஜியான்ஃப்ரிடோ இறங்கவே இல்ல.

இப்ப நண்பர்கிட்ட நான் கேக்கறேன். நீங்க ஏன் கேட்சைப் பத்திக் கேட்டீங்க? அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் செஞ்சதை ஏன் கேக்கல? எனக்கு அதுதான் பெருசு.

அக்டோபர் 3, நாலாவது ஆட்டம், எபெட்ஸ் ஃபீல்டு. யாங்கீஸ் பிச்சர் (பந்து எறியறவர்) பில் பெவன்ஸ். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் டாட்ஜர்ஸுக்கு ஒரு ஹிட் (பந்தை அடிச்சு பத்திரமா பேஸ் சேர்றது) கூட இல்ல. தாறுமாறா எறியறார், அன்னைக்கு மொத்தம் பத்து பேருக்கு வாக் (நாலு தப்பான பந்து எறிஞ்சா அடிக்கறவருக்கு முதல் பேஸ் இலவசம்) குடுத்தாரு, ஆனா இதுவரைக்கும் ஹிட் இல்ல. 2-1ன்னு யாங்கீஸ் முன்னிலை. உலகத் தொடர் வரலாற்றுல அதுவரைக்கும் ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூட குடுக்காம முடிக்கற ஆட்டம்) கிடையாது. ரெண்டு அவுட் ஆயாச்சு. முதல் பேஸ்ல கார்ல் ஃபுரில்லோ. ஷாட்டன் அவரை எடுத்துட்டு ஓடறதுக்கு ஜியான்ஃப்ரிடோவை நிறுத்தறார். அடிக்க வர்றது பீட் ரைசர். கணுக்கால் உடைஞ்ச நிலைமையில வந்து நிக்கறார், வெளிய சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்காங்க.

இப்ப ஜியான்ஃப்ரிடோ ரெண்டாவது பேஸைத் திருட ஓடறார், அதாவது பந்தை யாரும் அடிக்காமலே, பிச்சர் எறியற நேரம் பாத்து ஓடறது. அவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மாட்டினா ஆட்டம் அந்த நிமிஷமே முடிஞ்சது. பெவன்ஸுக்கு நோ-ஹிட்டர். இவர் பேரு, கடைசி அவுட்டா மாட்டின முட்டாளுன்னு காலாகாலத்துக்கும் நிக்கும். யாங்கீஸ் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) யோகி பெர்ரா, அப்ப கத்துக்குட்டி. அவர் எறிஞ்சது கொஞ்சம் உயரமா போச்சு. ரெண்டாவது பேஸ்ல யாங்கீஸோட ரிசூட்டோ அதை வாங்கி கீழ கொண்டு வர்றதுக்குள்ள இவர் சறுக்கி பேஸைத் தொட்டுட்டார்.

முதல் பேஸ் காலி ஆயிடுச்சு. யாங்கீஸ் மேனேஜர் பக்கி ஹாரிஸ், ரைசருக்கு வேணும்னே வாக் குடுங்கன்னு சைகை காட்டறார். ஜெயிக்கிற ரன்னைத் தன் கையாலயே பேஸ்ல ஏத்தி வைக்கறார். இது ஆகாத வேலைன்னு அன்னைக்கே திட்டினாங்க. திருட்டு நடந்ததாலதான் அந்த யோசனையே அவருக்கு வந்துச்சு, இதை மறந்துடாதீங்க. ரைசருக்குப் பதிலா ஓட மிக்சிஸ் வர்றார். அடுத்து குக்கி லாவஜெட்டோ, இவரும் பெஞ்ச்ல இருந்து வந்தவர்தான். வலது பக்கச் சுவர்ல அடிச்சார். ஜியான்ஃப்ரிடோ, மிக்சிஸ் ரெண்டு பேரும் வந்துட்டாங்க. 3-2. டாட்ஜர்ஸுக்கு அந்த ஆட்டம் முழுக்க கிடைச்சது ஒரே ஹிட், அதுல ஜெயிச்சுட்டாங்க. உலகத் தொடர்ல நோ-ஹிட்டரைப் பாக்க 1956ல டான் லார்சன் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

கேட்ச் ஒரு ஆட்டத்தைக் காப்பாத்துச்சு, சரி. ஆனா அங்க அவர் யோசிக்க ஒண்ணும் இல்ல. பந்து வருது, ஓடித்தான் ஆகணும். திருட்டுல அப்படி இல்ல. நாள் முழுக்க பெஞ்ச்ல உக்காந்து கால் மரத்துப் போன ஆளு, இறங்கி ரெண்டு நிமிஷத்துல மொத்தத்தையும் பணயம் வச்சு ஓடறார். ஸ்டெப்னில காத்து இருந்துச்சுங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

ஏன் கழட்டி விட்டாங்கன்னுதானே கேட்டீங்க. மேனேஜருக்கு அடுத்த வருஷக் கணக்கு வேற. அந்தத் தொடர் முழுக்க ஜியான்ஃப்ரிடோ பேட்ல ஒரு ஹிட் கூட இல்ல. புரூக்ளின்ல ஃபுரில்லோ இருக்கார், ரைசர் இருக்கார், ஹெர்மான்ஸ்கி இருக்கார், டியூக் ஸ்னைடர் வளர்ந்து வர்றார். இவருக்கு இடம் எங்க? 1948ல மான்ட்ரியலுக்கு அனுப்பிட்டாங்க. டாட்ஜர்ஸோட கீழ்நிலை அணி, ராபின்சன் 1946ல ஆடின அதே அணி. அன்னைக்கு மேஜர் லீக்ல மொத்தமே 16 அணி. "எனக்கு இடம் இல்லைன்னா வேற அணிக்குப் போறேன்"னு சொல்லவும் முடியாது, ஒப்பந்தம் முடிஞ்சாலும் ஆளு அந்த அணிக்கே சொந்தம். அந்த விலங்கு உடைஞ்சது 1975ல. இவர் திரும்ப மேல வரவே இல்ல. பின்னாடி கலிஃபோர்னியாவுல உணவகம் நடத்தினார். 2003ல, 81 வயசுல, கோல்ஃப் ஆடிட்டு இருக்கும்போது இறந்து போனார்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். பெவன்ஸ், லாவஜெட்டோ, ஜியான்ஃப்ரிடோ, இந்த மூணு பேருக்குமே அந்த உலகத் தொடர்தான் கடைசி. மூணு பேருமே அப்புறம் மேஜர் லீக்ல ஒரு ஆட்டம் கூட ஆடல. பெவன்ஸுக்கு கை போயிடுச்சு. ஒரே ஒரு அவுட் மிச்சம் இருந்த மனுஷன்! அவரைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல. யாராவது கேளுங்க, அரை மணி நேரம் பேசறேன். அடுத்த கேள்வி, சேலத்துலேர்ந்து வந்திருக்கு...