மஸ்தார் நகரம் போல மட்டக்களப்பில் ஒன்று கட்டலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கூரை பற்றிப் போன தடவை பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுக்கிறேன். வாசித்த நேரத்திலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. மருதமுனைத் தம்பி ஒருவர், இப்போது அபுதாபியில் வேலை செய்கிறார். "சேர், இங்கே மஸ்தார் என்று ஒரு நகரம். பாலைவனத்தில் வெயிலை வைத்தே ஊர் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கமும் வெயிலுக்குக் குறைவில்லையே, மட்டக்களப்பு, அம்பாறையில் அப்படி ஒன்று கட்ட முடியாதா?" என்று கேட்கிறார்.

தம்பி, மிகவும் சந்தோசம். வேலைக்குப் போன இடத்தில் ஊரை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மஸ்தார் நகரம் 2006இல் அறிவிக்கப்பட்ட திட்டம். அபுதாபி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சுமார் 6 சதுர கிலோமீட்டர். வரைபடம் போட்டது லண்டனில் உள்ள ஃபாஸ்டர் என்ற கட்டடக்கலை நிறுவனம். 40,000 முதல் 50,000 பேர் வரை குடியிருப்பார்கள், கார் உள்ளே வராது, ஓட்டுநர் இல்லாத சின்ன மின்வண்டிகள் தெருவுக்குக் கீழே ஓடும், கரிப்புகை பூச்சியம், கழிவு பூச்சியம் என்றெல்லாம் சொன்னார்கள். 2016இல் முடிந்திருக்க வேண்டும். 2008இன் பண நெருக்கடி வந்ததும் காலக்கெடு பல வருடம் தள்ளிப் போனது. மின்வண்டி முதல் கட்டத்தோடு நின்றுவிட்டது. பூச்சியக் கணக்கையும் தளர்த்திக்கொண்டார்கள். இதை வைத்துத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் 2010இல் திறந்த அந்த முதல் கட்டடங்களுக்கு நடுவே நான் நடந்திருக்கிறேன்.

கார் நிறுத்துமிடத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவு வெயில். உள்ளே தெருவுக்கு வந்ததும் உடம்புக்கே வித்தியாசம் தெரிந்தது. தெருக்கள் ஒடுக்கமானவை. தென்கிழக்கிலிருந்து வடமேற்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக் கட்டடத்தின் நிழல் மறுபக்கத்தில் விழுகிறது. யன்னல்களுக்கு முன்னால், பழைய அரபு வீடுகளின் மரச்சல்லடை போல, துளை போட்ட சிவப்பு மறைப்பு. வெளிச்சம் வரும், வெயில் நேராக வராது. நடுமுற்றத்தில் 45 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுக் கோபுரம். மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்குவதற்கு. சோலர் தகடுகளும் உண்டு, 10 மெகாவாட், 2009இலேயே பூட்டியது. ஆனால் அந்தத் தெருவைக் குளிராக்குவது தகடு இல்லை.

பழைய பதிவுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். முதலில் நிழல், பிறகு காற்று, கடைசியில்தான் கரண்ட். மஸ்தார்காரர்களும் அந்த வரிசையில்தான் யோசித்திருக்கிறார்கள். துபாயில் சஸ்டெய்னபிள் சிட்டி என்று இன்னொன்று இருக்கிறது, 500 வீடுகள். அங்கே வீடுகளை வடக்குப் பார்க்க வைத்திருக்கிறார்கள். சோலர் தகட்டையே கார் நிறுத்துமிடத்துக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். நிழலும் கிடைக்கிறது, மின்சாரமும் கிடைக்கிறது.

சரி, அதே வரைபடத்தைக் கொண்டுவந்து இங்கே கட்டலாமா? கட்டக் கூடாது. அபுதாபியில் வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. மட்டக்களப்பில் 1,600க்கு மேல், அதிலும் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழியை ஒட்டிக் கொட்டிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே தாழ்ந்த நிலம், தண்ணீர் ஓட வழி வேண்டும். அப்புறம், எங்கள் காற்றில் ஈரம். காற்று அசையாவிட்டால் வியர்வை காயாது, நிழலில் இருந்தாலும் புழுங்கும். அதனால் வீடுகள் விலகி நிற்க வேண்டும். இன்னொன்று, சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்த நாட்களின் நண்பகலில் பக்கத்துச் சுவர் நிழல் தராது. வெயில் முழுவதையும் வாங்குவது கூரைதான். கொங்கிறீட் தட்டுப் போட்ட வீட்டில் இரவு பத்து மணிக்கும் மேல்தளம் தோசைக்கல் மாதிரி இருப்பது அதனால்தான்.

மருதமுனையில், காத்தான்குடியில் விலகிக் கட்ட வளவு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கேதான் மஸ்தாரின் ஒடுங்கிய தெரு உதவும். உங்கள் ஒழுங்கைகள் ஏற்கனவே நிழலானவை. கிழக்கு மேற்காக வீட்டுக்குள் ஒரு காற்று வழியை அடைக்காமல் விட்டால் போதும், கடற்காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. புதிய நகரம் வருமா என்பது இருக்கட்டும். ஒரே படத்தை வைத்து முழு ஊரையும் கட்டுவது எங்களுக்குப் புதிதா? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் வீட்டுத் திட்டங்கள் எழும்பின. நாவலடிச் சனங்களைத் திராய்மடுவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் படங்களில் மேற்கு எந்தப் பக்கம் என்று யாராவது பார்த்தார்களா?

ஒரு வீட்டுத் திட்டத்துக்கு, பெயர் வேண்டாம், ஆடி மாதத்தில் போயிருந்தேன். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. தெரு மேற்கில் இருந்ததால் வரிசை முழுவதும் வாசலும் யன்னலும் மேற்கே. ஒரு அம்மா மட்டும் முன்னுக்குக் கம்பு நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார். "இது இல்லாட்டி பகலில உள்ளுக்கு இருக்கேலாது" என்றார். மஸ்தாரில் பார்த்த சிவப்புச் சல்லடை செய்யும் அதே வேலையை அந்தக் கிடுகு செய்துகொண்டிருந்தது. வரைபடம் போட்டவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வரிசை முழுவதும் கிழக்குப் பார்த்திருக்கும். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

சோலரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் கூரை சோலரைப் பகலில் நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். வெயில் நேரத்து மின்சாரம் கூடிப்போனது, பாவனை குறைந்துபோனது. இரவுக்குத்தான் தட்டுப்பாடு. பகலில் சூடேறிய வீட்டுக்கு இரவில்தான் ஏசி ஓடுகிறது. சூடேற விடாமல் தடுத்தால் அந்த மின்சாரமே தேவையில்லை. திரும்பவும் அதே வரிசைதான்: நிழல், காற்று, கரண்ட்.

நீங்கள் வீடு கட்டக் காசு அனுப்புகிறீர்கள் என்றால், அத்திவாரம் வெட்டுவதற்கு முன் மேசனிடம் பேசுங்கள். மேற்குப் பக்கம் குளியலறை, களஞ்சிய அறை வரட்டும். அந்தப் பக்கம் இடம் கொஞ்சமாவது இருந்தால் ஒரு வேம்பு. கிழக்கே அகலமான விறாந்தை. ஓட்டுக் கூரை போட்டு, சீலிங்குக்கு மேலே சூடான காற்று வெளியேற இரண்டு முகட்டுச் சுவரிலும் துவாரம். அதற்குப் பிறகு சோலர் பூட்டுங்கள், சின்னதாகவே போதும்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர் தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதை அடுத்த பதிவில் பார்ப்போம்.