திண்ணைத் தூணின் அடி

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் மரத்தூண் அடியில் உளுத்துவிட்டால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "எடுத்துட்டு கான்கிரீட் தூண் போட்டுறலாமா?" என்றுதான். அவசரப்பட வேண்டாம். இத்தகைய தூண்களில் பெரும்பாலும் கெட்டிருப்பது கீழே ஒரு முழம் மட்டுமே. அதையும் கெடுத்தது மரத்தின் வயசு அல்ல, நாம் பின்னால் போட்ட தரை.

மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு அங்கே பிழைப்பு கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆசாரிகள் தூணை மண்ணில் ஊன்றாமல் கருங்கல்லின் மேல் நிறுத்தினார்கள். சாரல் அடித்தாலும் தண்ணீர் கல்லில் வழிந்து போய்விடும். நாம் என்ன செய்தோம்? சிமெண்டுத் தரை போட்டோம், அதன் மேல் டைல்ஸ் ஒட்டினோம். தரை உயர உயரக் கல் புதைந்தது. தூணின் அடி ஒரு குழிக்குள் சிக்கிக்கொண்டது. மரத்தின் நுண்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்பது அடிவெட்டில்தான். குழியில் தேங்குகிற தண்ணீரை அது மேலே இழுக்கிறது. போதாததற்கு எனாமல் பெயிண்ட் வேறு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியே இல்லை.

ஈரத்தோடு காற்றும் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக் கட்டை, எந்நேரமும் தண்ணீருக்குள் மூழ்கியே கிடப்பதால் கெடுவதில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற தரைமட்டம்தான் மரத்துக்கு எமன்.

பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சுத்தியலால் கீழிருந்து தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான மரம் கணீரென்று சொல்லும். உளுத்தது மொத்தென்று கேட்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். கரையான் மண் ஏறியிருக்கிறதா, மேலே ஓடு உடைந்து உத்தரத்தில் ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள். ஒழுக்கை நிறுத்தாமல் தூணில் கை வைப்பது வீண் செலவு.

வேலையில் ஆபத்தான கட்டம், பாரத்தை மாற்றுவது. உத்தரத்துக்குக் கீழே தூணின் இருபுறமும் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டின் அடியில் அகலப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் தரை அமுங்கும். ஜாக்கியை மெதுவாகத் திருகி, தூண் தாங்கிய பாரத்தை முட்டு வாங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கூரையை நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று இன்னும் தூக்கினால் ஓடு சரியும், சுவர் வெடிக்கும். ஒரு சமயத்தில் ஒரு தூண்தான்.

பிறகு, உளுத்த இடத்துக்கு மேல் நல்ல மரம் வருகிற வரை தள்ளி வெட்ட வேண்டும். பூஞ்சையின் நூல் கண்ணுக்குத் தெரிவதைவிட மேலே ஏறியிருக்கும். வெட்டியது ஓர் அடிக்குள் என்றால் அந்த உயரத்துக்குக் கருங்கல்லைக் கொடுத்துவிடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். கல்லுக்குப் பூஞ்சை வராது. அதற்கு மேல் போயிருந்தால் ஒட்டுப் போட வேண்டும். பழைய மரத்தில் பாதிக் கனம், புது மரத்தில் பாதிக் கனம் செதுக்கி, தூண் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு ஒன்றோடொன்று பொருத்தி, துரு ஏறாத போல்ட் முடுக்குவது. தேக்குக்குத் தேக்கே நல்லது, அதுவும் வைரம் பாய்ந்த பகுதி. வெளுத்த மேல்மரத்தை யார் தலையில் கட்டப் பார்த்தாலும் வாங்காதீர்கள்.

கல்லின் மேல்முகம் தண்ணீர் வெளியே ஓடும்படி லேசாகச் சரிந்திருக்கட்டும். சுற்றியுள்ள டைல்ஸை வெட்டி, கல்லை மீண்டும் தரைக்கு மேலே தெரிய வையுங்கள். இதைச் செய்யாமல் அடியைச் சுற்றிக் கான்கிரீட் பூசிப் 'பலப்படுத்துகிற' கொத்தனார்களும் உண்டு. அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை.

போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் புது வெட்டுகளில் தடவலாம். ஆனால் அது மழையில் கரைந்து போய்விடும். சாரல் படாத இடத்துக்கே சரி. மாசி, பங்குனியில் மரம் காய்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன் நிதானமாக முடிக்கலாம். முட்டுகளை எடுக்கும்போது ஜாக்கியைக் கால் சுற்று, கால் சுற்றாகவே இறக்குங்கள்.

நன்றி, வணக்கம்.