மெழுகு உருக்க எந்தப் பாத்திரம் வாங்கலாம்?

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இருந்து வந்திருக்கிறேன். பத்தாங் பெர்ஜுந்தை என்று அதன் பழைய பெயரைச் சொன்னால் பழைய ஆட்களுக்கு உடனே தெரியும். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் சின்ன டவுன். அங்கே, வீட்டில் இருந்தபடியே மெழுகுவர்த்தி செய்ய ஆசைப்படும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தீபாவளிக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, கிறிஸ்மஸுக்கு விற்க, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குச் செய்து கொடுக்க என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். "அக்கா, மெழுகு உருக்க எந்த மெஷின் வாங்கணும்?"

கைப்பேசியில் வரும் வீடியோக்களில் பளபளவென்று குழாய் வைத்த பாத்திரம் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அதன் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று பாதிப் பேர் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர் கடன் வாங்கியாவது வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் ஐம்பது மெழுகுவர்த்திகளுக்கு அந்தப் பாத்திரம் தேவையே இல்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் மெழுகுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்போம். கடையில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். கண்ணாடிக் குவளையில் ஊற்றும் சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே இளகும். தேன்மெழுகுக்கு 62, 64 டிகிரி வேண்டும். வாசனை எண்ணெய் கலப்பதற்காக இன்னும் கொஞ்சம் ஏற்றினாலும், சோயாவுக்கு 80, 85 டிகிரியோடு வேலை முடிந்தது. நம் வீட்டுத் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அதாவது, கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைந்த சூட்டில் நடக்கிற வேலை இது.

மின்சாரமும் அப்படித்தான். ஒரு கிலோ மெழுகை நம் ஊர் வெயிலின் 28 டிகிரியில் இருந்து 80 டிகிரி வரை கொண்டுபோக மெழுகுக்கு மட்டும் தேவைப்படுவது, கணக்குப் போட்டால், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். பாத்திரமும் தண்ணீரும் சூடாவதற்கு, வெளியே வீணாவதற்கு என்று சேர்த்தால் அதுபோல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அப்போதும் பயப்படும் தொகை இல்லை. ஆகவே பெரிய வாட்ஸ் உள்ள சாமானைத் தேடி அலைய வேண்டாம். சூடு அளவாக இருக்க வேண்டும், அந்த அளவிலேயே நிற்க வேண்டும். காசு கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம் என்றால், மெழுகு தண்ணீர் மாதிரி கொதித்து நமக்கு எச்சரிக்கை கொடுக்காது. பார்க்க அமைதியாகவே இருக்கும். சூடு ஏறிக்கொண்டே போகும். பிறகு புகையும். பாரஃபின் சுமார் 200 டிகிரியைத் தொட்டால் அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். நேரடியாக அடுப்பில் வைத்த சட்டியில் இந்த 200 டிகிரி தூரத்து விஷயம் இல்லை. சமையலில் எண்ணெய் காய்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே வேகம்தான்.

அதனால் வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கும் முறையைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். ஒரு சட்டியில் தண்ணீர், அதற்குள் மெழுகு உள்ள ஜக். தண்ணீர் இருக்கும் வரை 100 டிகிரிக்கு மேல் போக வழியே இல்லை. விலை உயர்ந்த பாத்திரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலையைத் தண்ணீர் சும்மாவே செய்து கொடுக்கிறது.

ஜக்குக்கு எங்கே போவது? நம்ம ஊர் தே தாரிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். தேநீரை ஆற்றுவதற்கு வைத்திருப்பார்களே, கைப்பிடி வைத்த எவர்சில்வர் குவளை, அதுதான். பாத்திரக் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். உயரமாக இருக்கும், கைப்பிடி உறுதியாகப் பற்றவைத்திருக்கும், துருப்பிடிக்காது. ஊற்றும் மூக்கு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மூக்கு இல்லாவிட்டால் கடைசிச் சொட்டு குவளையின் வெளிப்பக்கம் வழிந்து கீழே போகும். ஒரு லிட்டர் குவளையில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். அதில் உருகிய மெழுகு சுமார் 600 கிராம் பிடிக்கும். 200 கிராம் பிடிக்கும் கண்ணாடிக் குவளை மூன்று ஊற்றலாம். பழகுவதற்கு இது போதும்.

மைலோ டின்னை வைத்துச் செய்கிறவர்கள் நிறைய. வாயை ஒரு பக்கம் இடுக்கியால் நெருக்கினால் மூக்கு வந்துவிடும். சாயம் கலந்து பார்க்க, சிறு அளவு உருக்க நல்லது. ஆனால் கைப்பிடி இல்லை. வெந்நீருக்குள் இருந்து துணியால் பிடித்துத் தூக்கும்போதுதான் கை வழுக்கும். விற்பதற்குச் செய்கிறீர்கள் என்றால் டின்னை விட்டுவிட்டுக் குவளைக்கு வந்துவிடுங்கள்.

குவளை சட்டியின் அடியில் நேராக உட்காரக் கூடாது. அடியில் சின்னக் கம்பி வளையமோ இட்லித் தட்டோ போட்டு அதன் மேல் வையுங்கள். தண்ணீர் மெழுகின் பாதி உயரத்துக்கு இருந்தால் சரி. அதிகம் ஊற்றினால் குவளை மிதந்து சாயும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், லேசாகக் குமிழி விட்டால் போதும். துள்ளிக் கொதித்தால் நீர்த்துளி மெழுகுக்குள் விழும். அந்தத் துளி அடியில் தங்கி, மெழுகுவர்த்தி எரியும்போது திரியைப் படபடவென்று வெடிக்க வைக்கும். வாங்கியவர் இரண்டாவது தடவை உங்களிடம் வரமாட்டார்.

சரி, இந்தத் தண்ணீர்ச் சட்டியை எதில் வைப்பது? கேஸ் அடுப்பில் வைக்கலாம், ஆனால் எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. திறந்த நெருப்பு, மேலே சுழலும் விசிறி, குவளையின் ஓரத்தில் வழியும் மெழுகு, மூன்றும் ஒன்று சேரும் இடம் அது. மின்சாரச் சூட்டுத்தட்டு இருந்தால் அதுவே மேல். இண்டக்ஷன் அடுப்பும் நல்லது, ஆனால் சட்டி காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டி அதில் சூடாகாது. மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள். பாரஃபின் அந்த அலையைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை, மெழுகு உருகாமலே இருக்கும்போது பாத்திரம் கையைச் சுடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பழைய ரைஸ் குக்கர். வீட்டில் புதிது வந்ததும் பரண் மேல் போட்டிருப்போமே, அது. அதன் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. சட்டியின் அடி 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் அந்தக் காந்தம் பிடியை விட்டுவிடும், பொத்தான் டக்கென்று மேலே வரும். சோற்றில் தண்ணீர் வற்றியதைக் குக்கர் தெரிந்துகொள்வது இப்படித்தான். நமக்கும் இதுதான் வேண்டும். உள்சட்டியில் தண்ணீர் ஊற்றி, கம்பி வளையம் வைத்து, குவளையை நிறுத்திப் பொத்தானை அழுத்துங்கள். மறந்துபோய்த் தண்ணீர் வற்றினால்கூடத் தானாகவே சூடு காக்கும் நிலைக்கு மாறிவிடும். அந்த நிலை பெரும்பாலான குக்கர்களில் 60, 70 டிகிரியை ஒட்டி இருக்கும். சோயா மெழுகு உறையாமல் காத்திருக்க அதைவிட என்ன வேண்டும்?

சிலர் மெழுகை நேராக உள்சட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். அடியில் உள்ள மெழுகு உருகிச் சீக்கிரம் சூடேறும், மேலே கட்டி அப்படியே இருக்கும்போதே பொத்தான் எழும்பிவிடும். உடனே அந்தப் பொத்தானைக் குச்சி வைத்து முட்டுக்கொடுத்து அழுத்தி வைப்பார்கள். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். நம்மைக் காப்பாற்ற வைத்த ஒரே பூட்டை நாமே உடைப்பது அது. மெழுகுக்கு என்று ஒதுக்கிய குக்கரில் பிறகு சோறும் ஆக்க வேண்டாம். வாசனை எண்ணெய் ஒட்டினால் போகாது, அது சாப்பிடுகிற பொருளும் இல்லை. வயர் பிய்ந்திருந்தால் அந்தக் குக்கர் பரணிலேயே இருக்கட்டும். பழைய லயத்து வீடுகளில் ஒரே பிளக்கில் நீட்டிப்பு வயர் போட்டு இஸ்திரிப் பெட்டியையும் குக்கரையும் சேர்த்து ஓட்டுகிற பழக்கம் இருந்தால், மெழுகு உருக்கும் நேரத்தில் அது வேண்டாம்.

ஸ்லோ குக்கர் நிறையப் பேர் கேட்பார்கள். அதில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். லோ, ஹை இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும், போய்ச் சேரும் வேகம்தான் வேறு. லோவில் வைத்தேன், சூடு ஏறாது என்று நம்பிப் போய்விடக் கூடாது. பீங்கான் சட்டி கனமாக இருப்பதால் தூக்கி ஊற்ற முடியாது, கரண்டியால்தான் மொள்ள வேண்டும். சாயம் போடாத ஒரே மெழுகை இரண்டு மூன்று கிலோ உருக்கி வைத்துக்கொள்ள நல்ல சாமான். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

மேசையில் வைத்துச் சூப் கொதிக்கவிடும் மின்சார ஸ்டீம்போட் சட்டி மலிவு விலையில் கண்ணைக் கவரும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் டிகிரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். லோ, மிட், ஹை என்று மட்டும் எழுதியிருந்தால் அது சூப்புக்குச் செய்த பாத்திரம், மெழுகுக்கு அடி தீயும், சோயா மஞ்சளித்துப் போகும். அமெரிக்க வீடியோக்களில் வரும் பெரிய மின்சாரச் சட்டியை அங்கிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 120 வோல்ட் சாமான். நம் வீட்டில் வருவது 230, 240 வோல்ட். அடாப்டர் முனையை மாட்டினால் பிளக் பொருந்தும், சட்டி எரிந்துபோகும். மூன்று முள் பிளக்கும் சிரிம் தரச் சான்று ஒட்டுத்தாளும் உள்ளதை இங்கேயே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். மெழுகுக்குள் கம்பியை விட்டுப் பார்க்கும் சமையல் வெப்பமானி போதும், முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்ப்பது மேல்மட்டச் சூட்டை மட்டுமே காட்டும். எவர்சில்வரின் பளபளப்பில் அது தவறான எண்ணையும் காட்டும். வெப்பமானியோடு ஒரு சமையல் தராசு. மெழுகையும் வாசனை எண்ணெயையும் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது.

இப்போது நம்ம மண்ணின் மெழுகைப் பற்றி. 1917-ஆம் ஆண்டு இந்த நாட்டில் முதன்முதலாக வியாபார அளவில் செம்பனை நட்டது எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். செம்பனை எண்ணெயின் கெட்டிப் பகுதியான ஸ்டியரினில் மெழுகுவர்த்தி செய்வது அதற்கும் முந்திய தொழில். 1825-இல் பிரான்சில் செவ்ரேல், கே-லுசாக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கொழுப்பில் இருந்து பிரித்த அமிலங்களில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஒரு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை மேற்கு ஆப்பிரிக்காவின் பனை எண்ணெயை இதற்காகவே கப்பலில் கொண்டுவந்தது. நம் வாசலில் விளைகிற பொருளில் நாமே வர்த்தி செய்து விற்கலாம் என்று சொல்லும்போது எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கும்.

ஆனால் பனை மெழுகுக்கு நான் இதுவரை சொன்ன யோசனை கொஞ்சம் மாறும். அதன் அழகே உறையும்போது மேலே பூக்கும் பனிப்பூ போன்ற கோலம். அது வர வேண்டுமானால் 90 டிகிரிக்கு மேல் சூடாக ஊற்ற வேண்டும், மெதுவாக ஆறவிட வேண்டும். வெந்நீர்ச் சட்டியில் 90-ஐத் தொடுவதற்குள் பொறுமை போய்விடும், கடைசி ஐந்து டிகிரிக்கு மட்டும் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு வர்த்திதான் உங்கள் சரக்கு என்று முடிவு செய்தால், டிகிரி எண் போட்ட திருகி உள்ள மின்சாரச் சட்டிக்குக் காசு செலவழிப்பது நியாயம்.

குழாய் வைத்த பாத்திரம் எப்போது? ஒரே நாளில் நாலைந்து கிலோ ஊற்றும் அளவுக்கு ஆர்டர் தொடர்ந்து வரும்போது. அப்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சூடு அடியில் மட்டும் வருகிறதா, சுற்றுச்சுவரிலும் வருகிறதா? குழாய் உலோகமா, கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா? குழாய்க்குள் மெழுகு உறைந்தால் என்ன செய்வது? மூன்றாவது கேள்விக்கு அவர் திணறினால் வாங்காதீர்கள். சூடு எட்டாத குழாயில் மெழுகு அடைத்துக்கொள்ளும், முடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டி வரும். சாயமும் வாசனையும் இந்தப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டாம். வெறும் மெழுகை உருக்கிக் குவளையில் பிடித்து, அதில் கலந்துகொள்ளுங்கள். ஆக, அன்றைக்கும் அந்தத் தே தாரிக் குவளை உங்கள் கையில் இருக்கும்.

உருக்கும்போது பக்கத்தில் சட்டிக்குப் பொருந்தும் மூடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் சுவிட்சை அணைத்து மூடியைப் போட்டு மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் நெருப்பு சீறிக் கூரைக்கு எழும்பும். மூடியும் அடங்கவில்லை என்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்து 999-க்கு அழையுங்கள். மெழுகு கையில் பட்டால் பிய்த்து எடுக்காமல் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் குளிரவிடுங்கள். வேலை முடிந்ததும் குவளை சூடாக இருக்கும்போதே பழைய நாளிதழால் துடைத்துவிடுங்கள். தொட்டியில் கழுவினால் மெழுகு சாக்கடைக் குழாயில் போய் உறைந்து அடைக்கும், அதற்கு ஆள் கூப்பிடும் செலவு குவளையின் விலையைவிட அதிகம்.

நன்றி. வணக்கம்.