கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"மேடம், பையன் ஒன்பதாவது போறான். படிக்க நல்ல புத்தகமா ஒண்ணு கொடுங்க." கிளை நூலகங்களில் 31 வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு ஜூன் மாதமும் எனக்குக் கழிந்ததில்லை. 'நல்ல' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். பக்கத்தில் அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நூலகத்துக்குள் வந்தால் ஒரு மூலையில் சிறுவர் பகுதி இருக்கும். சிங்கமும் முயலும், தெனாலிராமன், படக்கதை. ஒன்பதாவது படிக்கும் பிள்ளை அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரக் கூச்சப்படும். இந்தப் பக்கம் இரவல் பகுதி, பெரியவர்களுக்கானது. இரண்டுக்கும் நடுவில் போட்டித் தேர்வு அலமாரி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அலமாரி நான் வேலை பார்த்த எந்த நூலகத்திலும் இருந்ததில்லை. பெண்களின் பருவத்தை ஏழாகப் பிரித்த நம் முன்னோர் 12, 13 வயதுக்கு மங்கை என்றும், 14 முதல் 19 வரைக்கும் மடந்தை என்றும் தனித்தனியாகப் பெயர் வைத்தார்கள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்களுடைய மொழியில், அந்த வயதுக்கு என்ன படிக்கக் கொடுப்பது என்று இன்னும் தடுமாறுகிறோம்.

நூலகர் பயிற்சியில் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் படிப்போம். சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அந்த விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். பரீட்சையில் எழுதிவிடலாம். அரும்பு மீசையோடு ஒரு பையன் எதிரே வந்து நிற்கும்போதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

நான் கண்ட வழியைச் சொல்கிறேன். இந்த வயதுக்காக எழுதியதைத் தேடி அலையாதீர்கள். இந்த வயதைப் பற்றி எழுதியதைத் தேடுங்கள். பெரியவர்கள் படிக்கிற நாவல்தான் என்று நாம் ஒதுக்கிவைத்தவற்றில் நாயகன் பல இடங்களில் பதினாறு வயதுக்காரனாக இருப்பான். அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அதனால் திரும்பவும் சொல்கிறேன், கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பத்தாவது படிக்கும் ஒரு பெண் தினமும் வருவாள். அவளுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா' கொடுத்தேன். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு மாணவி, அவள் கேள்விகளைத் தாங்காத ஒரு பள்ளிக்கூடம், அவளைப் பற்றிச் சொல்கிற ஓர் ஆசிரியை. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நூலக வார விழா வந்தது, நவம்பர் 14. மேடைக்கு வந்து அந்தப் புத்தகத்தில் நீ கற்றுக்கொண்டது என்ன என்று ஐந்து நிமிடம் பேசு என்றேன். தலையை ஆட்டினாள். விழாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நூலகத்துக்கும் வரவில்லை. அவளுக்குள்ளேயே இருக்க வேண்டியதை நான் ஊர் நடுவில் கொண்டுவந்து வைக்கப் பார்த்தேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சில வருஷம் கழித்து, வேறு ஊரில் ஒரு பையன். பதினொன்றாவது படித்தான். நாளிதழில் கடைசிப் பக்க விளையாட்டுச் செய்தியை நின்றுகொண்டே படிப்பான், போய்விடுவான். கிரிக்கெட் பைத்தியம். அவனிடம் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைக் கொடுத்து, "இதுல கிரிக்கெட் வருதுப்பா" என்று மட்டும் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜியாகிரபி புத்தகமா, மேடம்?" என்றான்.

1977-இல் வந்த நாவல் அது. செகந்திராபாத்தில் சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாடு மேய்க்க வேண்டும், கிரிக்கெட் ஆட வேண்டும், கல்லூரிக்கும் போக வேண்டும். வெளியே 1947, 48. இந்தியாவில் சேர மாட்டேன் என்கிறார் ஹைதராபாத் மன்னர் நிஜாம். நிஜாமுக்கு ஆதரவான ஆயுதப் படையினரான ரஜாக்கர்கள் தெருவில் திரிகிறார்கள். நேற்று வரை சேர்ந்து விளையாடியவன் இன்று யார் என்று தெரியவில்லை. சரித்திரத்தைத் தலைவர்கள் வழியாகப் பாடப்புத்தகம் சொல்லும். இந்த நாவலில் அது ஒரு பையனுடைய சைக்கிளை மறித்துக்கொண்டு நிற்கிறது. கடைசிக் காட்சியை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் தவணை தாண்டியும் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் கொண்டுவந்து வைத்தான். எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். பேசாமல் அபராத ரசீதை எழுதினேன். பையன் நகரவில்லை.

"கடைசில அவன் ஓடுறான்ல, மேடம்?"

"ஆமா."

"நானா இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்." கொஞ்ச நேரம் நின்றான். "ஓடுனது தப்பா?"

"தெரியலப்பா. நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் தானாக அலமாரிக்குப் போய் இன்னொரு புத்தகம் எடுத்தான். நான் கேட்டிருந்தால், அவன் "நல்லா இருந்துச்சு மேடம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போயிருப்பான்.

அந்த இன்னொரு புத்தகம் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000-இல் வந்தது. கொங்கு நாட்டுக் காட்டில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளின் கதை. கூளையன் பண்ணையில் வேலைக்கு விடப்பட்ட அருந்ததியர் பையன். பண்ணைக்காரருடைய மகன் செல்வனுக்கும் ஏறக்குறைய அதே வயது. இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிறார்கள், காட்டில் சுற்றுகிறார்கள். ஆனால் ஒருவன் அடிக்கலாம், மற்றவன் வாங்கிக்கொள்ள வேண்டும். சாதியைப் பற்றிப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச எத்தனை வீட்டில் முடிகிறது? கூளையன் பசியோடு நிற்கிற இடத்தைப் படிக்கிற பிள்ளைக்கு அது புரியும்.

இந்தப் புத்தகத்துக்காக ஒரு தாயார் என்னிடம் சண்டைக்கு வந்தார். கெட்ட வார்த்தை இருக்கிறதாம். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நீங்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் படித்தார். திருப்பித் தரும்போது அந்த வார்த்தைகளைப் பற்றிப் பேசவே இல்லை. கூளையனைப் பெற்றவர்களைப் பற்றித்தான் பேசினார். பெற்றோரே, தயவுசெய்து முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு, ஆமாம், சும்மா இருங்கள். டிவி பக்கத்திலோ சாப்பாட்டு மேசையிலோ கிடக்கட்டும். எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்க வேண்டாம்.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கான புத்தகங்களைக் கடைசியில் விரிவாகப் பேசலாம் என்று வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004. வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்துக் கவிதை எழுதியவர் சல்மா. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்களுக்குக் கொடுங்கள், அம்மாவும் படிக்கட்டும். அதற்குச் சின்னவர்களுக்கு ஆன் பிராங்கின் டைரி, தமிழிலும் இருக்கிறது. 1942-இல் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டு அது. நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த இரண்டு வருஷத்திலும் அவள் அம்மாவோடு சண்டை போடுகிறாள். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். பாமாவின் 'கருக்கு' நூலையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவை முட்டை சேகரிக்கிற பையனைப் பற்றிய கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' பன்னிரண்டு வயதிலேயே கொடுக்கலாம்.

உங்கள் ஊர் நூலகத்தில் இவை இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். உறுப்பினர் அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே எடுங்கள், அப்பா பெயரில் வேண்டாம். அட்டை அவர்களிடமே இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.