முறைப்பாட்டுக்கு யாரிடம் போவது?

(கிளிநொச்சியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே, பிள்ளைகளே,

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா. கடன்பட்டு வாங்கின தண்ணிப் பம்ப்பை கிணத்தடியில் வைத்திருந்தா. போன மாதம் ஒரு இரவு யாரோ களவெடுத்துவிட்டார்கள். "பொலிசுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன். "அங்க போனால் அவங்கள் என்ர வீட்டுக்கு வரத் தொடங்கிடுவாங்கள்" என்றா. பறிகொடுத்தவ, கள்ளனைவிடப் பொலிசுக்குப் பயப்படுகிறா.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1829இல் றொபேட் பீல் லண்டனுக்கு அமைத்த பொலிஸ், தடியோடு தெருவில் நடந்தது. அயர்லாந்தை அடக்கப் பிரித்தானியர் வைத்திருந்த பொலிசுக்கோ துவக்கு, முகாம் வாழ்க்கை. குடியேற்ற நாடுகளுக்கு வந்துசேர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இலங்கையில் அவர்கள் காலத்து 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. சாதாரண வழக்கில் பொலிசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் செல்லாது. இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் சொன்னால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கவேண்டியவன் அடிவாங்கினவன். எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் இந்த ஒரு பிரிவாலே சிறையில் கிடந்தார்கள்! 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதும் இதில் கை வைக்கவில்லை.

1984இல் விசேட அதிரடிப்படை உருவானது. பெயருக்குப் பொலிஸ், பழகியதெல்லாம் சண்டை. பயிற்சி கொடுக்கப் பிரித்தானியாவின் முன்னாள் விசேட படையினரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள். 1987 ஜனவரியில் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைத் தொழிலாளர்களைக் கொன்றது இந்தப் படைதான்.

இங்கே 2009இல் போர் முடியும் முன் இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், காவல்துறை இருந்தது. அதுவும் ஆயுதம் தாங்கிய அமைப்பின் ஒரு கைதான், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதன்பின் அரசாங்கப் பொலிஸ் ஆமிக்குப் பின்னால் வந்தது. 2013 வரை பொலிஸ் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே கிடந்தது. ஆமியையும் பொலிசையும் எங்கள் சனம் வேறுபடுத்திப் பார்க்காததில் என்ன பிழை?

தெற்கிலும் இதே நோய்தான். 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் எரிபொருளுக்காக மறியல் செய்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டது, ஒருவர் செத்தார்.

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் தருவதாக எழுதியது, தரவில்லை. அதே திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அந்த ஒன்றையாவது கையில் எடுப்போம். வாற திங்கட்கிழமை அக்காவோடு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறேன். முறைப்பாட்டைப் பொலிஸ் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினால்தான் அவ கையெழுத்து வைப்பா. வரக்கூடியவர்கள் காலை ஒன்பது மணிக்கு எங்களோடு வாருங்கள்.