எந்தப் பிழைக்கு எந்த மாத்திரை?

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் புற்றுநோய் என்றதும் வீட்டில் அழுகை கிளம்பிவிடும். ஆனால் சி.எம்.எல். (நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா) என்ற வகை வந்தவர்களில் பெரும்பாலோர் இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

இதற்கு வழி திறந்தது ஒரு சாப்பாட்டு மேஜை. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்று ஒரு டாக்டர். நாலு பையன்களுக்கு அம்மா. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் படங்களை வீட்டுக்கே எடுத்துவந்து, கத்தரியால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்களாம்! இந்த நோயில் 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-லேயே பிலடெல்பியாவில் கண்டிருந்தார்கள். குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருப்பதை 1973-ல் எழுதியவர் ரௌலி. எனக்கு அவரைப் பற்றிப் பேசினால் நேரம் போவதே தெரியாது.

அந்த இடமாற்றத்தில் உண்டாகும் புரதம், பி.சி.ஆர்.-ஏ.பி.எல்., மூடாத குழாய் மாதிரி, ரத்த அணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். அதை அடைப்பது இமாட்டினிப் என்ற மாத்திரை. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு: இதன் காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னை அலுவலகம், 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால்தான் இங்கே மலிவு விலையில் கிடைக்கிறது.

சரி, மாத்திரை போட்டும் ரத்தப் பரிசோதனையில் அந்த பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அளவு ஏறினால்? முதலில் நான் கேட்பது, "ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்றுதான். "நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், அதான் விட்டுட்டேன்" என்பார்கள். நல்லா இருப்பதே மாத்திரையால்தானே ஐயா! விடாதீர்கள்.

விடாமல் சாப்பிட்டும் ஏறினால், புதிதாக ஒரு மரபணுப் பிழை முளைத்திருக்கலாம். எது என்று பார்க்காமல் மருந்தை மாற்றுவது இருட்டில் துழாவுவதுதான். பிழைகளுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர் உண்டு. ஒய்253ஹெச் என்ற பிழை என்றால், இமாட்டினிப் போன்ற வேறு மாத்திரைகளில் நிலோட்டினிப் சரிவராது, டாசாட்டினிப் கேட்கும். வி299எல் என்றால் அப்படியே தலைகீழ். டி315ஐ இருக்கிறதே, அது பொல்லாதது. இமாட்டினிப், நிலோட்டினிப், டாசாட்டினிப் மூன்றுக்குமே மசியாது. அதற்கு பொனாட்டினிப் உண்டு, ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு வரக்கூடும், இதயத்தைப் பார்த்துத்தான் கொடுப்போம். அசிமினிப்பும் உண்டு, அது அந்தப் புரதத்தின் வேறொரு இடத்தில் போய் ஒட்டுகிற மருந்து. மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் என்றால், இந்தப் பிழைக்கு 200 வீதம் இரண்டு வேளை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். பெண்கள், கர்ப்பம் பற்றிச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். பிழைச் சோதனைக்குக் கையில் எடுக்கும் ரத்தமே பெரும்பாலும் போதும். முடிவு வரும்வரை இருக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வணக்கம்.