தங்கவயல் நாட்டுக்குக் கொடுத்த கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கத்தின் எடையிலிருந்து தொடங்குவார்கள். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் அங்கே வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இடையில் வெளியே வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை.

மின்சாரத்தைப் பாருங்கள். ஆழத்திலிருந்து பாறையைத் தூக்கவும் நீரை இறைக்கவும் சுரங்கத்துக்குப் பெரும் ஆற்றல் தேவைப்பட்டது. அதற்காகவே காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்நிலையம் கட்டி, 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அதே மின்சாரத்தில் பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது 1905இல்தான். அதாவது, இன்று நாம் வியக்கும் அந்த மாநகரத்துக்கு வெளிச்சம் வந்த வழியே தங்கவயல் வழி.

அறிவியலிலும் அப்படித்தான். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. மேலே அத்தனை பாறை இருந்ததால் மற்ற அண்டக் கதிர்களெல்லாம் வடிகட்டப்பட்டுவிட்டன. அதனால், எந்தப் பாறையையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களான நியூட்ரினோக்களை, வளிமண்டலத்தில் பிறப்பவற்றை, 1965இல் அங்கே பதிவு செய்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் அதில் இருந்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இடங்களில் தங்கவயலும் ஒன்று.

அந்த ஆழத்தை வெட்டியவர்கள் யார்? பெரும்பகுதியினர் வடாற்காடு, சித்தூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன தமிழர்கள். ஊரில் நிலமில்லை, மதிப்பில்லை, பஞ்சம் மட்டும் இருந்தது. அங்கே போனால் மூங்கில் தட்டி வீடு, கூண்டில் ஏறிக் கீழே இறங்கினால் அனல், எப்போது பாறை வெடிக்கும் என்று தெரியாத வேலை. தப்பித்தவர்களின் நுரையீரலில் கல்தூசி படிந்தது. ஆனாலும் மாதக் கூலி கையில் வந்தது. ஆண்டையின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சிறிய விடுதலையை வைத்துக்கொண்டு அவர்கள் கட்டியதுதான் என்னை நெகிழ வைக்கிறது.

சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலின் மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926இல் மீண்டும் உயிர்பெற்றது சென்னையில் அல்ல, தங்கவயலில். ஆசிரியர் அப்பாதுரையார். பகலில் பாறையை உடைத்த மக்களின் ஊரிலிருந்து சாதி மறுப்பும் தத்துவமும் அச்சேறின! 1930இல் நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளிகளைப்போல எங்களை நடத்தாதே என்பது அதன் பொருள். வாசிப்பும் தன்மானமும் சேர்ந்து வளர்ந்த ஊர் அது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் மத்திய அரசிடம் போயின. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான் என்ற நிலை வந்ததும் நட்டம் என்றார்கள், மூடினார்கள். நட்டக் கணக்கு உண்மைதான். ஆனால் மின்சாரம், அறிவியல், மூன்று தலைமுறை உழைப்பு இவற்றை வரவில் எழுதாமல் போட்ட கணக்கு அது.

இன்று அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊரில் மிச்சமிருப்பது, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண். காற்றடித்தால் அது வீட்டுக்குள் வருகிறது. அதிலும் தங்கம் இருக்கிறது என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. எடுப்பதாக இருந்தால் முதல் வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும். எடுக்காவிட்டாலும் மேடுகளைப் பசுமையால் மூடவேண்டும். முன்னாள் தொழிலாளர்களின் நுரையீரலை அரசு செலவில் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் குடியிருக்கும், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குப் பட்டா வழங்க வேண்டும். இவற்றைச் சலுகையாக அல்ல, பாக்கியாகக் கேட்கிறேன்.